ஆபத்தை முதலில் அகற்று

ஆனந்த்ராஜுக்குக் கொடுக்கப்பட்ட வேலை, வேலிக்கு வெளியே சும்மா நிற்பது.

பண்ருட்டியில் முந்திரிப் பருப்பு மொத்தக்கடை ஒன்றின் மாடியில், சனிக்கிழமைகளில் மட்டும் புதுச்சேரியிலிருந்து வந்து ஆட்களைப் பார்க்கும் மனநல ஆலோசகர் பவித்ரா, இதை அவனிடம் மூன்று முறை சொன்னார். குதிரையின் கயிற்றைப் பிடிக்கக் கூடாது. மனைவியோடு கூடவே நடக்கக் கூடாது. ‘ஒண்ணும் ஆகாது’ என்று சொல்லவே கூடாது.

“அப்ப நான் எதுக்கு மேடம்?”

“நீங்க இல்லாம தோப்புக்குள்ளயே போகமாட்டேங்கறாங்களே, அதுக்கு. போகப் போக நீங்களும் வேணாம்.”

அவன் மனைவி ஆனி சிரித்தாள். கீழே மூட்டை இறக்கும் சத்தமும் வறுத்த பருப்பின் வாசமும் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தன. அவள் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. ஆனந்த்ராஜ் அந்த வேலையை ஒப்புக்கொண்டான்.

ஆனி நெய்வேலி நகரியத்துப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியை. வயது முப்பத்தெட்டு. சென்னையில் படித்தபோது என்.சி.சி.யில் குதிரையேற்றம் கற்றவள். கல்யாணமாகிப் பதினெட்டாம் பிளாக் குவார்ட்டர்ஸுக்கு வந்த பிறகு பத்து வருடம் குதிரையைத் தொடவில்லை. வடலூர் போகும் வழியில் முந்திரித்தோப்பு வைத்திருக்கும் கொளஞ்சிநாதன், கல்யாண ஊர்வலங்களுக்கென்று ஒரு வெள்ளைக் குதிரை வளர்த்தார். அதோடு, பந்தயத்திலிருந்து கழித்துவிட்ட செம்பழுப்புப் பெண் குதிரை ஒன்றையும் ஒரு நாள் லாரியில் ஏற்றி வந்தார். அது யாரையும் முதுகில் ஏற்றவில்லை. ஒரே ஒரு முறை ஊர்வலத்துக்குக் கூட்டிப்போனார். மேளம் தொடங்கியதும் பின்னங்காலில் எழுந்து நின்றது. அதைக் கேள்விப்பட்டுப் பார்க்கப் போன ஆனி, அதன் பிறகு தினமும் விடிந்ததும் ஸ்கூட்டியில் போய்விடுவாள். இரண்டு வருடம் பழகினாள். பவுன் என்று பெயர் வைத்தாள். கடைசியில் ஞாயிற்றுக்கிழமைகளில் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் ஆறு பேருக்கு அதன்மேல் வகுப்பே நடத்தினாள். பவுனின் தீனிக்கு அந்த வகுப்புக் கட்டணம் போதுமானதாக இருந்தது.

நெய்வேலியில் மயிலைக் கண்டு யாரும் வியப்பதில்லை. மொட்டைமாடியில் துணியோடு துணியாக நிற்கும். மாசி மாதத்தில் ஒரு காலை, தோப்புப் பாதையில் தாழ்ந்த முந்திரிக் கிளைக்கடியிலிருந்து ஒரு மயில் படபடவென்று எழும்பியது. பவுன் பக்கவாட்டில் துள்ளியது. ஆனி இடது தோளில் விழுந்து காறை எலும்பு முறிந்தது.

எலும்பு எட்டு வாரத்தில் கூடிவிட்டது. டாக்டர் சரி என்று சொன்ன மறுநாளே அவள் தோப்புக்குப் போனாள். கேட்டில் ஸ்கூட்டியை நிறுத்தி இறங்கியதும் உள்ளேயிருந்து பவுன் கனைத்தது. ஆனி கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். நாலு நாள் போனாள். நாலு நாளும் அதே கதை.

கொளஞ்சிநாதன் வெளியே வந்து தண்ணீர்ச் செம்பைக் கொடுத்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை.

“ஆடி முடியறவரைக்கும் பாக்கறேன் டீச்சர். வெள்ளையனுக்குக் காலு வீங்கிகினே இருக்குது. ஆவணி முகூர்த்தத்துக்கு இவள வுட்டாத்தான் ரெண்டு வாயிக்கும் தீனி போட முடியும். மேளமும் வெடியும் இவளுக்கு ஆவாதுன்னு எனக்கும் தெரியும். என்னா பண்றது, சொல்லுங்க.”

ஊர்வலத்தில் போட்டுவிட்டால் பவுன் மறுபடி ஒரு மனிதரை நம்பாது என்று ஆனிக்குத் தெரியும். ஆடி முடிவதற்குள் அவள் ஏறியாக வேண்டும். அதனால்தான் பண்ருட்டி மாடி.

பவித்ரா குதிரையை அருகில் பார்த்ததில்லை. அதை முதல் நாளே சொல்லிவிட்டார். ஆனால் பயத்தைப் பார்த்திருந்தார். ஒரு தாளில் பத்துப் படிகள் எழுதச் சொன்னார். முதல் படி பவுனின் போட்டோவைப் பார்ப்பது. இரண்டாவது கேட்டில் நிற்பது. மூன்றாவது லாயத்துக்கு முன்னால் பத்தடி தள்ளி நிற்பது. கழுத்தைத் தொடுவது, சேணம் போடுவது, ஏறி அசையாமல் உட்காருவது, வேலிக்குள் நடை, வேலிக்குள் குதியோட்டம், தோப்புப் பாதையில் நடை. பத்தாவது, விழுந்த இடத்தைத் தாண்டித் தனியாக ஓட்டிப் போவது. ஒவ்வொரு முறையும் பயத்துக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் போட வேண்டும். எண் மூன்றுக்கு இறங்காமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

“பயம் வரும், உச்சிக்குப் போகும், அப்புறம் தானா எறங்கும். தானா எறங்குதுன்னு ஒடம்புக்குத் தெரியணும். நாம எறக்கிவிட்டா அதுக்குத் தெரியாமப் போயிடும்,” என்றார் பவித்ரா.

ஆனி தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள்.

ஆனந்த்ராஜுக்கு இந்த வைத்தியம் முதலிலிருந்தே உறுத்தியது. அவன் சுரங்கத்தில் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறான். புதிதாகச் சேரும் கான்ட்ராக்ட் தொழிலாளர்களுக்குக் காலையில் வகுப்பெடுப்பான். வகுப்புப் பலகையில் ஐந்து வரிகள் நிரந்தரமாக இருக்கும். ஆபத்தை முதலில் அகற்று. முடியாவிட்டால் மாற்று. அதுவும் முடியாவிட்டால் தடுப்பு வை. பிறகு விதி. தலைக்கவசம் கடைசி.

“ஹெல்மெட்ட நம்பி எவனும் மண்சரிவுக்கு அடியில நிக்காதீங்கப்பா. மொதல்ல மண்ண எடு. எடுக்க முடியலன்னா நீ அங்க இருக்காத.”

“சார், எங்க சூப்பர்வைசர அகற்றலாமா சார்?” என்று பின்வரிசையில் எப்போதும் ஒருவன் கேட்பான். வகுப்பு சிரிக்கும். பத்தொன்பது வருடமாக அவன் இதைச் சொல்லிவருகிறான். அவன் பொறுப்பிலிருந்த ஆட்களில் ஒருவர்கூடச் சாகவில்லை.

ஆனி கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு கிடந்த எட்டு வாரத்தில் அவன் சும்மா இருக்கவில்லை. பாதையோர முந்திரிக் கிளைகளை வெட்டச் செய்தான். விழுந்தால் காற்று நிரம்பி உப்பும் அங்கியை வரவழைத்தான். சேணத்தின் வார்களையெல்லாம் மாற்றினான்.

“மயிலுக்கும் ஒரு ஹெல்மெட்டு வாங்கிப் போட்டுடலாமா சார்?” என்றார் கொளஞ்சிநாதன்.

பவித்ராவிடம் இந்தப் பட்டியலைச் சொன்னபோது அவர் பாராட்டவில்லை. “ஒவ்வொண்ணு செய்யறப்பவும் அவங்களுக்கு என்ன சொல்றீங்கன்னு தெரியுதா சார்? ‘இது ஆபத்து, உன்னால தாங்க முடியாது’ன்னு சொல்றீங்க.”

அவன் தலையாட்டினான். ஆபத்து என்பது உண்மைதானே என்று நினைத்தான்.

முதல் இரண்டு படிகள் பத்து நாளில் முடிந்தன. மூன்றாவது படியில் சிக்கியது. வைகாசி வெயில் ஏறுவதற்கு முன், ஆறரை மணிக்கு, ஆனி லாயத்துக்கு முன்னால் பத்தடி தள்ளி நிற்பாள். வேலிக்கு வெளியே கல்தூணில் கைவைத்தபடி ஆனந்த்ராஜ் நிற்பான். மாதக்கணக்கில் யாரும் ஏறாத பவுன் அவளைக் கண்டதும் தலையை உதறும். முன்னங்காலால் மண்ணைப் பறிக்கும். ஆனியின் கழுத்து நரம்பு புடைத்துவிடும். கைகளைத் தொடையோடு சேர்த்து அழுத்திக்கொள்வாள், யாரோ அடிக்கப்போவதுபோல. இருபது நிமிடம். வாய் மட்டும் எண்ணைச் சொல்லும். “ஒம்போது. ஒம்போது. ஒம்போது.” ஒரு நாள் அப்படியே மணலில் உட்கார்ந்து குழந்தைபோலத் தேம்பினாள். அவன் வேலிக் கம்பியைத் தாண்டக் காலைத் தூக்கினான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். வீட்டுக்கு வந்து, ஒன்று குறைத்து, தாளில் எட்டு என்று எழுதினாள். ஒரு வாரம் முழுக்க எட்டு.

கல்யாணமான பதினாறு வருடத்தில் அவள் அழுது அவன் பார்த்தது மொத்தம் மூன்று முறை. இப்போது வாரத்தில் மூன்று முறை. அவன் தூணில் கைவைத்து நின்றான்.

அந்த வாரக் கடைசியில் ஒரு நாள் சாயங்காலம், ஆனி மறந்துவிட்டு வந்த தொப்பியை எடுக்கத் தோப்புக்குப் போனான். கொளஞ்சிநாதன் வெள்ளைக் குதிரைக்கு ஜரிகை போர்த்தி முடித்து, அதன் கடைவாயில் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி ஆரஞ்சு நிறப் பசையை அழுத்திக்கொண்டிருந்தார்.

“என்னங்க அது?”

“கல்யாணத்துக்குப் போறப்ப குடுக்கறதுங்க சார். ஒரு மணி நேரத்துல அடங்கிடும். காதுகிட்ட சரவெடி போட்டாலும் பொம்ம கணக்கா நின்னுகினு இருக்கும். சாயங்காலம் குடுத்தா ராவுக்குள்ள தெளிஞ்சிடும்.”

“கெடுதல் இல்லையா?”

“இத்தினி வருசமா குடுத்துகினு இருக்கறேன். பாருங்க, உங்கள விட நல்லாத்தான் இருக்கான்.”

ஆனந்த்ராஜ் தொப்பியை எடுத்துக்கொண்டு திரும்பினான். பவுனைப் பார்த்தான். அது தலையை உதறியது.

“இவளுக்குக் குடுக்கலாமா? காலையில. கொஞ்சமா.”

கொளஞ்சிநாதன் குழாயை மூடினார். “டீச்சருக்குத் தெரிஞ்சுதானே சார்?”

“நான் சொல்லிக்கறேன்.”

காலை ஐந்தே காலுக்கு, ஆனி பல் துலக்கும்போது, ஆனந்த்ராஜ் கொளஞ்சிநாதனுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பான். அதுதான் பசை கொடுக்கச் சொல்லும் அடையாளம். அவர்கள் ஆறரைக்குப் போய்ச் சேரும்போது பவுன் தலையைத் தாழ்த்தி நிற்கும்.

எட்டு, ஆறாயிற்று. ஆறு, நாலு. மூன்றாவது படி முடிந்தது. ஆனி பவுனின் கழுத்தைத் தொட்டாள். கையை எடுக்கவில்லை. சேணம் போட்டாள். படிகள் ஏற ஏற அவள் முகம் மாறியது. பள்ளியில் விசிலை முன்போல ஊதுகிறாள் என்று பக்கத்து குவார்ட்டர்ஸ் பெண் சொன்னாள். சாம்பாரில் உப்பு சரியாக விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வரும் வழியில், வகுப்புப் பிள்ளைகளை நிறுத்தி ஆவணியில் வரச் சொன்னாள். ஆனந்த்ராஜ் ஒவ்வொரு காலையும் பால் எடுக்கப் போகும்போது அந்தத் தாளைப் பார்த்தான். எண்கள் சரியாக இறங்கிவந்தன.

“உங்களாலதான் சார் பாதி. சும்மா நிக்கறது எல்லாருக்கும் வராது,” என்றார் பவித்ரா.

அவன் மேசைவிரிப்பைப் பார்த்தான். அந்தச் சனிக்கிழமை சொல்லிவிடலாம் என்றுதான் வந்திருந்தான். அடுத்த சனிக்கிழமையும் அப்படித்தான் வந்தான். ஆறாவது படி தாண்டியதும் பாதியாகக் குறைத்துவிடலாம், எட்டாவதில் நிறுத்திவிடலாம் என்று ஒரு கணக்கு வைத்திருந்தான். ஆறாவது வந்தபோது அவள் முதன்முறையாக முதுகில் ஏறினாள், அன்றைக்கா குறைப்பது? ஏழாவதில் பவுன் நடந்தது. அன்றைக்கு மட்டும் குறைக்க முடியுமா?

ஆடி மூன்றாவது வாரம் எட்டாவது படி. வேலிக்குள் குதியோட்டம். ஆனி இரண்டு சுற்று நடத்திவிட்டு, குதிகாலால் லேசாகத் தட்டினாள். பவுன் ஓடியது. கொஞ்சம் கனமாக, கால் இழுபட ஓடியது, ஆனால் ஓடியது. ஆனி சேணத்தில் எழுந்து அமர்ந்து எழுந்து அமர்ந்து போனாள். பிராகாரம் சுற்றுவதுபோல நான்கு முறை. “மூணு!” என்று கத்தினாள். “ரெண்டு! என்னங்க, ரெண்டு!” கொளஞ்சிநாதன் துண்டை எடுத்துத் தலைக்குமேல் சுற்றினார். ஆனந்த்ராஜுக்குக் கண் கலங்கியது.

அப்போது வேலியின் மறுபக்கம், கால்வாய் ஓரத்திலிருந்து ஒரு மயில் எழும்பித் தாழ்வாகப் பறந்து போனது. ஆனி விறைத்துப்போனாள். கடிவாளத்தை இறுக்கினாள். பவுன் நின்றது.

ஒன்றும் நடக்கவில்லை. ஆனி மூச்சை விட்டாள். ஓரிரு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு குனிந்து குதிரையின் காதுகளைப் பார்த்தாள். மயில் போன பக்கம் அவை திரும்பவே இல்லை.

இத்தனை வாரமும் அவள் பார்த்தது தன்னைத்தான். தன் மூச்சு, தன் வயிறு, தன் எண். அப்படிப் பார்க்கத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இப்போது பயம் இரண்டுக்கு இறங்கியதும் அவளுக்குக் குதிரையைப் பார்க்க இடம் கிடைத்தது. இறங்கி முன்னால் வந்தாள். பவுனின் கீழுதடு ஈரமாகத் தொங்கியது. இமையை விரலால் விலக்கினாள். கண்ணின் உள்மூலையிலிருந்து வெண்சவ்வு பாதி விழிவரை ஏறியிருந்தது. கைதட்டினாள். காதோரம் இன்னொரு முறை, பலமாக. பவுன் மெதுவாக இமைத்தது.

“கொளஞ்சி அண்ணே,” என்றாள். “என்ன குடுத்தீங்க?”

கொளஞ்சிநாதன் ஆனந்த்ராஜைப் பார்த்தார்.

“அவரப் பாக்காதீங்க. உங்களக் கேக்கறேன்.”

“சார் சொல்லிக்கறேன்னாரே டீச்சர்…”

ஆனி வேலியருகே வந்தாள். கத்துவாள் என்று அவன் எதிர்பார்த்தான். அவள் குரல் வகுப்பில் வருகை எடுக்கும் குரலாக இருந்தது.

“எப்பலேருந்து?”

“மூணாவது படியிலேருந்து.”

“எல்லா நாளுமா?”

“ஆனி, நீ தெனமும் அழுதுகிட்டு—”

“எல்லா நாளுமான்னு கேட்டேன்.”

“எல்லா நாளும்.”

“இல்ல சார்,” என்றார் கொளஞ்சிநாதன், உதவி செய்கிற நினைப்பில். “ரெண்டு மூணு நாளு துப்பிட்டா. விருத்தாசலம் போன அன்னிக்கு நானே மறந்துட்டேன். ஒரு நாளு குழாயில கொஞ்சூண்டுதான் இருந்துது.”

“எந்த நாளு?”

“அத எங்க டீச்சர் ஞாபகம் வச்சிகினு இருக்கறது?”

வீட்டுக்கு வந்ததும் ஆனி தாளைக் கதவிலிருந்து பிரித்தெடுத்தாள். மிஸ்டு கால் விஷயத்தை அவனிடம் கேட்டறிந்து, கைப்பேசியையும் வாங்கினாள். சாப்பாட்டு மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு நாளாக விரலை ஓட்டினாள். ஐந்தே கால் அழைப்புகள் எல்லா நாளிலும் இருந்தன. எந்த நாளில் குதிரை துப்பியது, எந்த நாளில் கொளஞ்சிநாதன் மறந்தார் என்பது எதிலும் இல்லை. கழுத்தைத் தொட்ட நாளா? ஏறி உட்கார்ந்த நாளா? ஒரு நாளாவது, ஒரே ஒரு நாளாவது, முழு விழிப்பில் இருந்த பவுன்மேல் தான் உட்கார்ந்திருந்தோமா என்று தெரிந்துகொள்ள அவள் அரைமணி நேரம் மேசையில் இருந்தாள். சுரங்கத்தில் ஒரு போல்ட் தளர்ந்தாலும் தேதியும் மணியும் போட்டு எழுதுகிற ஆனந்த்ராஜ், இதில் ஒரு நாளைக்கூடக் குறித்துவைக்கவில்லை.

ஷிஃப்டுக்குப் போகும் முன் காபி போட்டுக் கொடுத்தான். அவள் டம்ளரை வாங்கி, குடிப்பதற்கு முன் ஒரு கணம் உள்ளே பார்த்தாள். வேண்டுமென்று செய்யவில்லை. பார்த்துவிட்டதை உணர்ந்து அவளே வெட்கப்பட்டு ஒரே மடக்காகக் குடித்தாள். ‘சர்க்கரை மட்டும்தான்’ என்று சொல்ல அவன் வாயெடுத்தான். பதினாறு வருடம் கழித்து அப்படி ஒரு வாக்கியம் தேவைப்படுகிறது என்று தோன்றியதும் வாயை மூடிக்கொண்டான்.

சனிக்கிழமை பவித்ரா எல்லாவற்றையும் கேட்டார். அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

“ஆனி, உங்களுக்குப் பயம் வந்தது உண்மை. அது எறங்கினதும் உண்மை. ஒடம்பு கத்துக்கிட்டது வீணாகாது.”

“குதிரை உண்மையில்லையே மேடம்.”

பவித்ரா பேனாவை மூடித் திறந்தார். “திரும்ப மூணாவது படியிலேருந்து போகலாம்.”

“ஆடி முடிய எட்டு நாள்தான் இருக்கு.”

“தெரியும்.”

“இன்னொண்ணு,” என்றாள் ஆனி. அவனைப் பார்க்காமல் பவித்ராவிடமே சொன்னாள். “இப்ப எது அமைதியா இருந்தாலும் இவரு ஏதாவது பண்ணியிருப்பாரோன்னு தோணுது. ஸ்கூட்டி ஒழுங்கா போனாகூட. நேத்து எனக்கு நல்லாத் தூக்கம் வந்துது மேடம். எந்திரிச்சதும் மொத நெனப்பு, இவரு எதையாவது குடுத்துட்டாரோன்னு. இதுக்கு எத்தன படி போடறது?”

கீழே ஒரு மூட்டை சரிந்து, யாரோ யாரையோ ஏசினார்கள். பவித்ரா உண்மையிலேயே யோசித்தார்.

“எனக்குத் தெரியல. கொஞ்சம் நாள் குடுங்க,” என்றார்.

எட்டு நாளில் ஆனி மூன்றாவது படியிலிருந்து ஐந்தாவதுக்கு வந்தாள். எண் மூன்றுக்கு இறங்கவில்லை. எண் ஐந்தில் நிற்கும்போதே அடுத்த படிக்குத் தாவினாள். மருந்தில்லாத பவுன் பழைய பவுனாக இருந்தது. உதறியது, மண் பறித்தது, அவள் தோளை மோந்து பார்த்துப் பொத்தானைக் கடித்தது. ஆனந்த்ராஜ் வீட்டிலேயே இருந்துவிடுவதாகச் சொன்னான். அவள் மறுத்துவிட்டாள்.

“வேணாம். நீங்க கண்ணுல படலன்னா ஏதோ பண்றீங்கன்னு தோணும். வந்து நில்லுங்க. கை ரெண்டும் எனக்குத் தெரியற மாதிரி.”

எனவே அவன் இரண்டு உள்ளங்கைகளையும் கல்தூணின் தலையில் விரித்து வைத்துக்கொண்டு நின்றான். முதல் நாள் அதைப் பார்த்துக் கொளஞ்சிநாதன், “என்னா சார், போலீசு புடிச்சா மாதிரி,” என்று சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலை கொளஞ்சிநாதன் தோப்பு வாசலிலேயே காத்திருந்தார்.

“நாளைக்குக் குறிஞ்சிப்பாடியில பொண்ணழப்பு டீச்சர். இன்னிக்கு நீங்க ஏறி நாலு சுத்து வந்துட்டீங்கன்னா, வெள்ளையனுக்குக் கால்ல கட்டுப் போட்டாவது ஒப்பேத்திக்கறேன். வர்ற ஞாயித்துக்கெழம புள்ளைங்கள வரச் சொல்லிடுங்க.”

“நாலு சுத்து,” என்றாள் ஆனி.

“நாலே சுத்து.”

அவள் ஆனந்த்ராஜிடம் வந்தாள். “ஒண்ணு சொல்றேன். நான் பயந்து உங்களக் கூப்பிட்டாலும் கூப்பிடுவேன். வராதீங்க. பயம் எறங்கறவரைக்கும் நான் உக்காரணும். புரியுதா?”

“சரி.”

“சத்தியமா?”

“வரமாட்டேன் ஆனி.”

அவளே சேணம் போட்டாள். அங்கவடியில் காலை வைத்தாள். பவுன் ஓர் அடி நகர்ந்தது, காலை எடுத்துவிட்டாள். இரண்டாவது முறை பாதி எழும்பி இறங்கினாள். மூன்றாவது முறை ஏறி உட்கார்ந்துவிட்டாள். கொளஞ்சிநாதன் கடிவாளத்திலிருந்து கையை எடுத்து விலகினார்.

பவுனின் காதுகள் இரண்டும் முன்னால் விறைத்து நின்றன. விலாத் தோல் சிலிர்த்தது. நடக்கச் சொல்வாள் என்று காத்திருந்தது. ஆனி சொல்லவில்லை. கடிவாளம் அவள் நெஞ்சுவரை இழுபட்டிருந்தது. வாய் வலித்த பவுன் பின்னால் நகர்ந்தது, நகர்ந்ததும் அவள் மேலும் இழுத்தாள், மேலும் நகர்ந்தது. இழுக்கக் கூடாது என்று ஆறு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

“ஒம்போது,” என்றாள்.

அவன் காத்திருந்தான். இறங்கும். தானாக இறங்கும். பவித்ராவின் அறையில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறான். வெயில் வேலிக்கு இந்தப் பக்கம் வந்தது. பவுன் அரைவட்டமாகத் திரும்பிப் பின்னங்காலை உதைத்தது.

“பத்து. பத்துங்க.”

“கையத் தளத்துங்க டீச்சர்!” என்றார் கொளஞ்சிநாதன்.

“என்னங்க,” என்றாள் ஆனி. பிறகு, “என்னங்க, வாங்க. எறக்குங்க.”

அவன் தூணை அழுத்தினான். ஒரு கால் தானாக முன்னால் போயிற்று, திரும்ப இழுத்துக்கொண்டான். போனால் மூன்றாவது படியிலிருந்து செய்ததையே மறுபடி செய்ததாகும். போகாவிட்டால், அவன் மனைவி பத்தடி தூரத்தில் குதிரைமேல் உட்கார்ந்து அழைத்துக்கொண்டிருக்கிறாள். எது பிழை என்று சொல்லும் வரி அந்தப் பலகையில் இல்லை.

“ராஜ்!”

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. அவன் நகரவில்லை.

கொளஞ்சிநாதன்தான் ஓடினார். கடிவாளத்தைப் பிடித்து, “ஏய், ஏய், ஒண்ணுமில்லடி” என்று குதிரையிடமோ ஆனியிடமோ சொல்லி நிறுத்தினார். ஆனி கழுத்து வழியாகச் சரிந்து மண்ணில் இறங்கினாள். நின்றாள். விழவில்லை. முதுகைக் காட்டியபடியே நின்றாள்.

“கூப்பிட்டேனே,” என்றாள்.

“கூப்பிட்டாலும் வராதன்னு சொன்னியே ஆனி.”

“சொன்னேன்.” மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். “கூப்பிடவும் செஞ்சேன்.”

அவன் கைகள் தூணின்மேலேயே இருந்தன.

“வுடுங்க டீச்சர்,” என்றார் கொளஞ்சிநாதன். “நாளைக்கு நானே பக்கத்துல நடந்துகினு வரேன். பேஸ்ட்டு குடுத்துட்டா இவளுக்கு ஒண்ணும் தெரியாது.”

ஆனி குனிந்து குதிரையின் வயிற்றுக்கடியில் சேணவாரின் கொக்கியை அவிழ்க்கப் பார்த்தாள். கொக்கி வழுக்கியது. மறுபடி முயன்றாள். மறுபடி வழுக்கியது. கொளஞ்சிநாதன் இரண்டு கையாலும் கடிவாளத்தைப் பிடித்திருந்தார். வாரை முதலில் மேலே இழுத்தால் ஊசி தானாக வெளியே வந்துவிடும் என்பது ஆனந்த்ராஜுக்கு நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. அந்த வாரை வாங்கி மாட்டியது அவன்தான். ஆனி ஒரு முறை அவன் பக்கம் திரும்பினாள். அவன் முகத்தை அல்ல, தூணின்மேல் இருந்த கைகளைப் பார்த்தாள். பிறகு மறுபடி குனிந்துகொண்டாள்.